மூன்று சிப்பாய் கொடுத்த ஆட்டம்

வீடு காலி இல்லம்மா. வெளியே போர்டு தொங்குதே, அதைப் பார்த்துட்டுதானே வந்தே? அது போன மாசத்துக் கதை. கழட்டுங்க கழட்டுங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். கம்பியை முறுக்கி உசரத்துல கட்டியிருக்கார், எனக்கு எட்டலை. கட்டினவர் இப்ப சாயந்திர நடைக்குப் போயிருக்கார். நீ உக்காரு. வெயில்ல அலைஞ்சு வந்திருக்கே, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ. உனக்கு செஸ் தெரியுமா? கொஞ்சம் கொஞ்சமா? அது போதும். யானை நேரா போகும், மந்திரி கோணலா போகும், சிப்பாய் ஒரு ஒரு கட்டமா முன்னாடிதான் போகும், பின்னாடி வராது. இவ்வளவு தெரிஞ்சா நான் கேக்கற கேள்விக்கு நீ நியாயம் சொல்லிடலாம். இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் அவர் பக்கம்தான் பேசறாங்க. நீ வெளியாளு. நீ சொல்லு.

என் பேரு அம்சவேணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவ. கல்யாணம் பண்ணிக்கலை. ஏன்னு கேக்கறவங்களுக்குச் சொல்ல ஒரு பதில் வச்சிருந்தேன், ரொம்ப நாளா யாரும் கேக்காததால அது மறந்தே போச்சு. வீடு என்னோடது, கீழே நான். மேல் வீட்டுல பூபாலன் சார். ரயில்வேல டிராயிங் ஆபீஸ்ல இருந்தவர். சம்சாரம் தவறினப்புறம் பெரிய வீடு எதுக்குன்னு மூணு வருஷம் முன்னாடி இங்க குடி வந்தார். பொண்ணு சுகந்தி கோயமுத்தூர்ல இருக்கா. சாமான் இறக்கின அன்னிக்கு, அரிசி டிரம்முக்கும் மின்விசிறிக்கும் நடுவுல ஒரு செஸ் போர்டு தெரிஞ்சுது. நான் வாசல்ல நின்னு, சார் ஆடுவீங்களான்னு கேட்டேன். மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நிக்கறார். கொஞ்சம் ஆடுவேன் மேடம்னார்.

கொஞ்சமாம். அப்புறம்தான் தெரியுது, அவங்க ஆபீஸ் டீமுக்கே ஆடினவராம். கப்பு கூட வாங்கியிருக்கார். அதுல இப்ப ஸ்பூனும் ஃபோர்க்கும் போட்டு வச்சிருக்கார்.

நான் ஆட்டம் கத்துக்கிட்டது எங்க எக்ஸ்சேஞ்ச் ரெஸ்ட் ரூம்ல. டியூட்டிக்கும் டியூட்டிக்கும் நடுவுல பெஞ்சுல போர்டை விரிச்சோம்னா, சுத்தி நிக்கறவங்க எல்லாரும் யோசனை சொல்லுவாங்க. அங்கே எங்களுக்குன்னு சட்டம் இருந்துச்சு. முதல் தடவை ரெண்டு சிப்பாயை ஒரு ஒரு கட்டம் நகர்த்தலாம். எதிராளியோட ராணியை வெட்டப் போறோம்னா, வாயைத் திறந்து "ராணிக்கு செக்"னு சொல்லணும். சொல்லாம வெட்டினா அது திருட்டு. மூணாவதுதான் முக்கியம், நல்லாக் கேட்டுக்கோ. சிப்பாய் நடந்து நடந்து எதிராளியோட கடைசி வரிசைக்குப் போயிட்டா அதுக்குப் பதவி உயர்வு. என்ன பதவி? ஆட்டம் ஆரம்பிக்கும்போது அந்தக் கட்டத்துல எந்தக் காய் நின்னுச்சோ, அந்தப் பதவி. யானைக் கட்டத்துக்குப் போனா யானை. குதிரைக் கட்டத்துக்குப் போனா குதிரை. நியாயம்தானே? எந்த சீட்டு காலியோ அந்த சீட்டுதானே கொடுப்பாங்க ஆபீஸ்ல?

பூபாலன் சார் இதை முழுசாக் கேட்டார். முதல் ரெண்டு சட்டத்தையும் ஒத்துக்கிட்டார். பாவம், "ராணிக்கு செக்"னு சொல்ல அவருக்கு வெக்கம், தொண்டையைக் கனைச்சுக்கிட்டு மெதுவா சொல்லுவார். மூணாவது மட்டும் முடியாதுன்னுட்டார். அவங்க டோர்னமெண்ட் சட்டத்துல, சிப்பாய் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ராணியே வச்சுக்கலாமாம். ஏற்கனவே ஒரு ராணி உயிரோட இருக்கும்போதே. அதெப்படி சார், ஒரு ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியான்னு கேட்டேன். சட்டப்படி ஒன்பது வரைக்கும் போகலாம் மேடம்னார். ஒரு சிரிப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது.

இன்னொரு ராணிப் பொம்மைக்கு எங்கே போறது? அதுக்கும் வழி வச்சிருக்கார். வெட்டுப்பட்டு வெளியே கிடக்கற யானையை எடுத்துத் தலைகீழா நிக்க வைப்பார். அதுதான் ராணியாம். தலைகீழா நிக்கற யானையைப் பார்த்து நான் பயப்படணுமாம். மூணு வருஷமா இதுக்கு எங்களுக்குள்ள நடக்காத சண்டை இல்ல. ஒரு தடவை நான் போர்டையே மடக்கிட்டு உள்ளே போயிட்டேன். மறுநாள் சாயந்திரம் கதவைத் தட்டி, மேடம், நேத்து ஆட்டம் பாதியில நிக்குதேன்னார். காய் எல்லாம் எங்கெங்கே இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சு அப்படியே அடுக்கினார். தலைகீழ் யானை உள்பட. எத்தனையோ விஷயத்துல விட்டுக்கொடுக்கற மனுஷன், இந்த ஒண்ணுல மட்டும் அசைஞ்சு கொடுத்ததே இல்ல. இதை நீ மனசுல வச்சுக்கோ.

ஆட்டத்துல நாங்க ரெண்டு பேரும் எதிரும் புதிரும். அவருக்கு ஒவ்வொரு சிப்பாயும் பெத்த பிள்ளை. எடுத்த உடனே ராஜாவைக் கொண்டுபோய் மூலையில உக்கார வச்சு, முன்னாடி மூணு சிப்பாயைக் காவலுக்கு நிறுத்திடுவார். கோட்டை கட்டறதுன்னு பேரு. அப்புறம் கணக்குப் பார்த்துப் பார்த்து நகர்த்துவார். எனக்கு அந்த வேலையெல்லாம் வராது. எனக்கு ஆட்டம்னா அடிதடி. சிப்பாய் எதுக்கு இருக்கு? கொடுக்கறதுக்குத்தான். நம்ம சிப்பாயைக் கொண்டுபோய் அவர் கோட்டை வாசல்ல நிறுத்தி, "இந்தா வெட்டிக்கோ"ன்னு கொடுக்கணும். அவர் வெட்டினா அவரோட காவல் கலையும். கலைஞ்ச வழியில நம்ம யானை உள்ளே போகும். கொடுக்க மனசு இல்லாதவங்க செஸ் ஆடக்கூடாது, ரம்மி ஆடலாம்.

யார் அதிகம் ஜெயிச்சதுன்னு கேக்கறியா? அதெல்லாம் நாங்க கணக்கு வச்சுக்கறதில்ல. நான் கணக்கு வச்சுக்கறதில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு நாள் ஆட்டம் முடிஞ்சு காயெல்லாம் டப்பாவுல போடும்போது சொன்னார். சுகந்தி கூப்பிடறாளாம். அவ வீட்டுல ஒரு ரூம் இவருக்குன்னு தயார் பண்ணியிருக்காளாம், பால்கனியோட. நல்லதுதானே சார், போயிட்டு வாங்கன்னேன். போயிட்டு வர்றதில்ல மேடம், அங்கேயே இருக்கறதுக்குன்னார். அடுத்த நாள் காலையில பார்க்கறேன், ஏணி போட்டு ஏறி அவரே வாசல்ல வாடகை போர்டைக் கட்டிக்கிட்டு இருக்கார். நான் போனப்புறம் ஆள் கிடைக்காம உங்க வீடு சும்மா கிடக்கக் கூடாதுல்லன்னார். ரொம்ப பொறுப்பு.

அன்னிக்கு எனக்கு சோறு இறங்கலை. மறுநாளும் இறங்கலை. நீ வேற ஒண்ணும் நினைச்சுக்காதே. ஒரு நல்ல எதிராளி கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஆடறவங்களுக்குத்தான் தெரியும். என் தங்கச்சி செல்போன்ல ஆடு அக்கா, உலகத்துல யாரோட வேணும்னாலும் ஆடலாம்னா. ஆடிப் பார்த்தேன். எவனோ ஒருத்தன், எந்த ஊரோ, டக்கு டக்குன்னு நகர்த்தி என்னைத் தோக்கடிச்சுட்டுப் போயிட்டான். தொண்டையைக் கனைக்கலை. காபி நல்லா இருக்குன்னு சொல்லலை. அதெல்லாம் ஒரு ஆட்டமா?

அதனால நான் ஒரு திட்டம் போட்டேன். போர்டுல எப்படியோ அப்படித்தான் இதுலயும். சின்னச் சின்னதா கொடுத்துப் பெருசா ஒண்ணைப் புடிக்கணும். மொட்டை மாடிச் சாவி என்கிட்டதான் இருக்கும், யாருக்கும் தர மாட்டேன், அவர் செடி வைக்கணும்னு வந்த நாள்லேருந்து கேட்டுக்கிட்டு இருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில ரேடியோவுல செய்தியைச் சத்தமா வைப்பார், அதைப் பத்தி வாயே திறக்கலை. வாழைப்பூ வடைன்னா அவருக்கு உசுரு. ஆய்ஞ்சு ஆய்ஞ்சு என் விரல் எல்லாம் கறுப்பாச்சு, அதையும் செஞ்சு அனுப்பினேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டார். வடை ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்னார். அப்புறம், சுகந்தி ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வர்றான்னார். வெட்டிக்கிட்டே போறார்மா, வழி மட்டும் திறக்கலை.

ஞாயித்துக்கிழமை சுகந்தி வந்துட்டா. நல்ல பொண்ணு, அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அப்பா தனியா இருக்காரேன்னு அவளுக்குக் கவலை. மேல அட்டைப்பெட்டி எல்லாம் கட்டியாச்சு. சாப்பாடு கீழே என் வீட்டுலதான். சாப்பிட்டுக் கை கழுவினதும் எனக்கு என்ன தோணுச்சோ தெரியலை, போர்டை எடுத்து இந்த டேபிள்ல வச்சேன். சார், கடைசியா ஒரு ஆட்டம்னேன். உக்காந்தார். நான் ஜெயிச்சா நீங்க போகக் கூடாதுன்னேன்.

சுகந்தி திரும்பிப் பார்த்தா. சொன்னதுக்கப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. விளையாட்டுக்குச் சொன்னேன்னு சிரிச்சு மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. அவரும் சிரிக்கலை. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார். நான் ஜெயிச்சா என்னன்னு கேட்டார். மிச்ச சாமானை நானே கட்டித் தர்றேன்னேன். சரின்னு தலையாட்டிட்டு வெள்ளைக்காயை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எடுத்த எடுப்புலயே அடிதடிதான். அந்தப் பக்கம் அவர் ராஜா கோட்டை கட்டிக்கிட்டு மூலையில உக்காந்தாச்சு. நான் என் ராஜாவுக்குக் கோட்டையே கட்டலை, நடுவுலயே விட்டுட்டேன், அதுக்கெல்லாம் நேரம் இல்ல. முதல் சிப்பாயை ராணி பக்கத்துல கொடுத்தேன், அவர் கவனம் அங்கே போகட்டும்னு. ஓரத்துல நின்ன அவர் சிப்பாய் அதை வெட்டிட்டு ஆரம்பத்துல என் குதிரை நின்ன நேர்கோட்டுக்கு வந்துச்சு. ரெண்டாவதை அவர் கோட்டை வாசல்ல கொடுத்தேன். வெட்டினார். மூணாவதையும் அதே வாசல்ல. வெட்டினார். அவருக்கு ஒரு பழக்கம், வெட்டின சிப்பாயை எல்லாம் தன் பக்கத்துல வரிசையா நிறுத்தி, முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கான்னு வேற பார்ப்பார். சிப்பாய்க்கு ஏது முகம்? அன்னிக்கு மூணையும் நிறுத்தும்போது, என்ன மேடம், இன்னிக்கு இவ்வளவு கொடுக்கறீங்கன்னார். இன்னும் இருக்கு சார், எடுத்துக்கோங்கன்னேன்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம். வாசல் திறந்துபோச்சு. என் யானை ரெண்டையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் நேருக்கு நேர் நிறுத்தினேன். நடுவுல அவருக்கு ஒரு யானையும் குதிரையும் போச்சு, எனக்கு மந்திரி ரெண்டும் போச்சு. என் ராணியும் உள்ளே இறங்கினா. அடுத்த நகர்த்தல்ல அவர் ராஜாவுக்கு மேட். தப்பிக்க வழியே இல்ல.

அப்பதான் இந்தப் பக்கம் பார்க்கறேன். முதல்ல ஒரு சிப்பாய் என் சிப்பாயை வெட்டுச்சுன்னேனே, அது பாட்டுக்கு ஒவ்வொரு கட்டமா நடந்து என் கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னாடி வந்து நிக்குது. நான் கவனிக்காம இல்ல. கவனிச்சேன், கொஞ்சம் லேட்டா. அந்த வரிசையில என் ராஜா தனியா நிக்கறார். யானை ரெண்டும் சண்டைக்குப் போயிடுச்சு, நடுவுல மறைக்க ஒரு காய் இல்ல. அவர் அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, தலைகீழ் யானையை அங்கே வச்சார்னா, என் ராஜாவுக்கு நேரா செக். அதுக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த செக். அடுத்தது. ஆட்டம் முடிஞ்சுது. அட்டைப்பெட்டிக்குக் கயிறு தேட வேண்டியதுதான்.

அவரும் பார்த்துட்டார். அவர் பார்க்காம விடுவாரா? சிப்பாயைத் தள்ளினார். கை வெளியே கிடந்த யானை மேல போச்சு. தொட்டுட்டார். நான் போர்டைப் பார்க்கலை, சுவத்துல காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். கண்ணுல தண்ணி முட்டுது, யாருக்கும் தெரியக் கூடாதேன்னு.

காய் வைக்கற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தா, அந்தக் கட்டத்துல குதிரை நிக்குது.

அது குதிரைக் கட்டம்மா. எங்க ரெஸ்ட் ரூம் சட்டப்படி அங்கே குதிரைதான் வைக்கணும். மூணு வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே, அந்தச் சட்டம். சுகந்திக்கும் ஆட்டம் தெரியும், அப்பா சொல்லிக் கொடுத்திருக்கார். அவ, "அப்பா, என்ன குதிரையை வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா.

அவர் போர்டுலேருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இங்கே இப்படித்தான்மா. இவங்க சட்டம்."

குதிரையால என் ராஜாவுக்கு செக் வைக்க முடியலை, சும்மா நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் ராணியை எடுத்து அவர் ராஜாவுக்குப் பக்கத்துல வச்சேன். வச்ச அவசரத்துல ராணி சாஞ்சு விழுந்துச்சு, அவரே எடுத்து நிமித்தி அந்தக் கட்டத்துலயே வச்சார். மேட்.

எனக்கு அழுகை வந்துடுச்சு. ஜெயிச்ச சந்தோஷத்துல. மூணு சிப்பாய் கொடுத்து அடிச்ச அடி, எந்த டீம்ல ஆடினவரா இருந்தா என்ன, தாங்குமா? அதோட நியாயமும் ஜெயிச்சுது பார். கடைசியில மனுஷன் சட்டத்தை ஒத்துக்கிட்டார். சுகந்தி கொஞ்ச நேரம் அவங்க அப்பாவைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. எழுந்து வந்து என் தோளைப் புடிச்சுக்கிட்டு, "அப்பா இங்கேயே இருக்கட்டும் ஆன்ட்டி"ன்னா. பெட்டியை எல்லாம் அவளே பிரிச்சு அடுக்கிட்டுப் போனா. ஆட்டம் தெரிஞ்ச பொண்ணு, தோல்வியை மரியாதையா ஏத்துக்கிட்டா. கிளம்பும்போது என்னைக் கட்டிப்புடிச்சு ஏன் அழுதான்னுதான் தெரியலை.

இது வரைக்கும் சந்தோஷம்தான். இதுக்கப்புறம்தான் என் வழக்கு. நீ நியாயம் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

மறுநாள் சாயந்திரம் வழக்கம்போல ஆடறோம். நானும் வழக்கம்போல சிப்பாயைக் கொடுத்து அடிச்சேன். திரும்பவும் அவர் சிப்பாய் ஒண்ணு கீழே வந்துடுச்சு. அதே குதிரைக் கட்டம். நானே குதிரையை எடுத்து நீட்டறேன், புடிங்க சார்னு. அவர் என் கையைப் பார்க்கவே இல்ல. யானையை எடுத்து, தலைகீழா, டக்குன்னு அங்கே வச்சு, செக் மேடம்னார்.

எனக்கு வந்துச்சே கோபம். இது என்ன சார் அநியாயம், நேத்து இதே கட்டத்துல குதிரை வச்சீங்களே, ஒரு நாளைக்கு ஒரு சட்டமான்னு கத்தினேன். தெருவுல போறவங்க நின்னு பார்த்தாங்க. மனுஷன் நிதானமா என் ராஜாவைச் சாய்ச்சுட்டு சொல்றார்:

"நேத்து நான் தோத்தாகணும் மேடம். இன்னிக்கு ஜெயிக்கலாம்."

கேட்டியா? தோத்தாகணுமாம். அப்போ நான் அடிச்ச அடிக்கு மதிப்பே இல்லையா? நான் கொடுத்த மூணு சிப்பாய்? வழி திறந்தது, யானை உள்ளே போனது, எல்லாம் இவர் போனா போகுதுன்னு விட்டுக்கொடுத்ததா? தோத்தவங்க எல்லாரும் சொல்றதுதானே இது, வேணும்னே தோத்தேன்னு. ஆம்பளைக்கு ஒரு பொம்பளைகிட்ட தோத்தோம்னு ஒத்துக்க மனசு வராது, அதான் விஷயம். ரெண்டு நாள் நான் பேசவே இல்ல. மூணாவது நாள் மாடித் தொட்டியில முதல் ரோஜா பூத்துச்சுன்னு கொண்டுவந்து கொடுத்தார். அதுக்காகப் பேசலை. ஆட்டம் விட்டுப்போகுதேன்னு பேசினேன். இப்ப தினமும் ஆட்டம் நடக்குது, தினமும் தலைகீழ் யானை நடக்குது, தினமும் சண்டை நடக்குது. நடை முடிச்சு வர்ற நேரம்தான், நீ இருந்து பார்த்துட்டே போகலாம்.

என்னம்மா, சிரிக்கறே? தெருவுல இருக்கறவங்களும் இப்படித்தான் சிரிக்கறாங்க, ஒருத்தரும் நியாயம் சொல்ல மாட்டேங்கறாங்க.

என்ன கேட்டே? ஏன் தோத்தாகணும்னு அவரைக் கேட்டேனான்னா?

கேக்கலை.

கேட்டா அந்த மனுஷன் சொல்லிடுவார்மா. மழுப்பத் தெரியாது அவருக்கு. சொல்லிட்டார்னா, அப்புறம் தினமும் சாயந்திரம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவருக்கு செக் சொல்றது?